ஆறாந் திருவிழாவும் ஒரு மரண அறிவித்தலும்

நாவல் படிக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. எட்டாம் வகுப்போடு நான் தோட்டத்துக்கு வந்துவிட்டேன். தேவாரப் புத்தகம், பஞ்சாங்கம், சந்தைக்குப் போனால் தேநீர்க் கடையில் கிடக்கிற பேப்பர், இவ்வளவுதான் என் வாசிப்பு. அதனால் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை. குறை வந்தது நாவலால்தான். அதைத்தான் எழுதுகிறேன். எழுதும்போதும் எனக்குக் கோபம் ஆறவில்லை.

எங்கள் ஊர் சுன்னாகம் சந்தையிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். ஊருக்கு நடுவில் அம்மன் கோயில். கொடியேறினால் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு குடும்பத்தின் உபயம். ஆறாந் திருவிழா எங்களுடையது. என் அப்பா செய்தார், அவருக்கு முன்னால் அவருடைய அப்பா செய்தார். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து, கூரையில்லாத கோயிலில் முதல் திருவிழா நடந்தபோது, வாகனம் இல்லாமல் எங்கள் நாளில் அம்மனைத் தோளில் சுமந்தோம். இன்றைக்கும் மழை நாளில் அந்தத் தோள் உளையும். அது எனக்குச் சந்தோசமான உளைவு.

இந்த உரிமை எழுத்தில் இல்லை. செய்துகொண்டு வந்தால் உங்களுடையது. ஒரு வருடம் தவறவிட்டு இன்னொருவர் செய்துவிட்டால், அடுத்த வருடம் அவர் "நானெல்லோ செய்தனான்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னுக்கு நிற்பார். அப்படி நிற்பதற்கென்றே எங்கள் ஊரில் ஒருவர் இருக்கிறார். சந்தியில் இரும்புக்கடை வைத்திருக்கிற முதலாளி. அவருக்கு எல்லாம் இருக்கிறது, திருவிழா மட்டும் இல்லை.

என் மகள் தரம் பத்து. தமிழ் இலக்கியத்தையும் ஒரு பாடமாக எடுத்திருந்தாள். இந்த வருடத் தொடக்கத்தில் அந்தப் பாடத்துக்குப் புதிதாக ஒரு ரீச்சர் வந்தார். குருநகர்ப் பக்கம், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், கலியாணமாகாத பிள்ளை. பாடத்தை வாசித்து, கடினமான சொல்லுக்குக் கருத்தெழுதி, குறிப்புக் கொடுத்து விடுகிற ஆள் இல்லை இவர். பள்ளிக்கூட நூலகத்தில் கிடந்த ஒரு நாவலை எடுத்து வகுப்பு முழுவதற்கும் வாசிக்கக் கொடுத்தார். கதை எனக்கு மகள் சொல்லித்தான் தெரியும். ஒரு தோட்டக்காரன், பிடிவாதக்காரன், ஊரோடு கொழுவிக்கொண்டு பட்டணத்துக்குப் போய், திரும்பி வராமலே செத்துப் போகிறான்.

"உந்த ஒரு விசயத்துக்கு ஏன் இத்தினை பக்கம்?" என்று கேட்டேன். மகள் முறைத்தாள்.

வாசிக்கக் கொடுத்ததோடு விட்டாரா? இல்லை. 'செயற்பாடு' என்று ஒன்று வைத்திருந்தார். முதலாவது செயற்பாடு, கதிரை. ரீச்சருடைய கதிரையில் ஒரு பிள்ளை அந்தத் தோட்டக்காரனாக இருக்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் சுற்றி நின்று கேள்வி கேட்பார்கள். அவன் என்ன சொல்லியிருப்பானோ அதைத்தான் சொல்ல வேண்டும். அவன் குணத்துக்கு ஒவ்வாத பதிலைச் சொன்னால் வகுப்பே "எழும்பு, எழும்பு" என்று கத்தும். என் மகள் ஒருநாள் அந்தக் கதிரையில் இருந்துவிட்டு வந்தாள். வந்த பிறகும் இறங்கவில்லை.

"பிள்ளை, கிணத்தடியிலை கிடக்கிற வாளியை எடுத்தா" என்றாள் தாய்.

"எனக்கு ஆரும் கட்டளை போடேலாது. நான் ஆருக்கும் கீழை இருந்தவன் இல்லை."

மனிசி அகப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தோட்டக்காரன் வாளி எடுக்க ஓடினான்.

இரண்டாவது, படம் கீறுவது. நாவலில் வருகிற ஊரை, எந்த வீடு எந்தப் பக்கம், எந்த ஒழுங்கை எங்கே போய் முடிகிறது என்று, புத்தகத்தில் சொல்லியிருப்பதைப் பிடித்துப் பெரிய தாளில் கீற வேண்டும். விறாந்தை முழுக்கத் தாளை விரித்துப் போட்டிருந்தாள். நான் குனிந்து பார்த்தேன்.

"கோயில் எங்கை?"

"புத்தகத்திலை கோயில் வரேல்லை அப்பா."

கோயில் இல்லாத ஊரில் நடந்த கதையைப் பிள்ளைகள் எதற்குப் படிக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் மரண அறிவித்தல்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் பேப்பரில், மதிலில், மின்கம்பத்தில், இப்போது போனிலும் அறிவித்தல் வரும். மேலே படம். கீழே எங்கே பிறந்தார், எங்கே வசித்தார், யாருடைய மகன், யாருடைய கணவர், யாருக்கு மைத்துனர், எந்தப் பிள்ளை எந்த நாட்டில் என்று ஒரு உறவு விடாமல் இருக்கும். ஒரு பெயர் தவறினால் அந்தச் செத்த வீட்டிலேயே அடுத்த சண்டை தொடங்கும். ரீச்சர் இதைப் பிடித்துக்கொண்டார். அந்தத் தோட்டக்காரனுக்கு ஒரு அறிவித்தல் எழுதுங்கோ, கதையில் வருகிற ஒரு உறவும் விடக்கூடாது, எங்கள் ஊரில் எங்கள் காலத்தில் நடந்ததுபோல மாற்றி எழுதுங்கோ என்றாராம்.

அந்தக் கிழமை ஏழு நாளும் மகள் புத்தகத்தை விட்டு எழும்பவில்லை. சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் அதை விரித்து வைத்திருந்தாள்.

"அப்பா, அவன்ரை மனிசியின்ரை தங்கச்சியின்ரை புருசன் அவனுக்கு என்ன முறை?"

"சகலன்."

"ஐயோ! அப்ப நடுச்சந்தியிலை அவன்ரை முகத்திலை துப்பினது சகலனோ?" என்று வாயில் வைத்த சோற்றோடு நின்றாள். அதுவரை அதை அவள் கவனிக்கவில்லையாம். பிறகு தாளை எடுத்து, 'பாசமிகு சகலனும்' என்று எழுதினாள். துப்பியவனைப் பாசமிகு என்று எழுதுவதா என்று தாய் கேட்டாள். "அறிவித்தலிலை அப்பிடித்தானே அம்மா போடுறவை" என்றாள். அது சரிதான். எங்கள் ஊர் அறிவித்தல்களில் பாசம் இல்லாத உறவு கிடையாது.

பட்டணம் என்பதை அவள் கனடாவாக மாற்றினாள். பிறந்த இடத்துக்கு எங்கள் ஊரைப் போட்டாள். எல்லாம் முடிந்த பிறகு படம் தேடினாள். படத்தைக் கீறிப் போட்டால் அறிவித்தல் போல இல்லை என்று அவளுக்கே தோன்றியதாம். போனில் தேடிக் கடைசியில் என் அண்ணருடைய படத்தை எடுத்தாள்.

அண்ணர் கனடாவில் இருக்கிறார். முன்பு ஒரு திருவிழாவுக்கு வந்தபோது, பட்டுவேட்டி, சால்வை, நெற்றி நிறையத் திருநீறு, நேராகப் பார்த்தபடி ஒரு படம் எடுத்துக்கொண்டார். அந்த முறைதான் அவருடைய காணிக்கும் என்னுடைய காணிக்கும் நடுவில் இருக்கிற வேலியில் பிரச்சினை வந்தது. அதன் பிறகு அவரும் நானும் கதைப்பதில்லை.

பிறகு நான் கேட்டபோது மகள் சொன்ன நியாயம் இது: "உங்கடை ஒரு படத்திலையும் நீங்கள் நேராப் பாக்கேல்லை அப்பா. அதோடை உங்களைப் போட்டால் அம்மா ஏசுவா. பெரியப்பா எங்களோடை கோவம்தானே, அவருக்குத் தெரியவாபோகுது எண்டு நினைச்சன்."

அறிவித்தலை வகுப்புக் குறூப்பில் போட்டாள். அங்கிருந்து ஒரு பிள்ளையின் தாய் பார்த்தாள். அந்தத் தாய் படத்தைப் பார்த்தாளே தவிரப் பெயரைப் பார்க்கவில்லை. "ஐயோ பாவம்" என்று தன் ஆட்களுக்கு அனுப்பினாள். சாவுச் செய்தி எங்கள் ஊரில் நடக்காது, பறக்கும்.

கொடியேற ஒரு கிழமைதான் இருந்தது. மாலைப் பூசைக்குப் போனேன். கோபுர வாசலில் இரும்புக்கடை முதலாளி கையைக் குறுக்கே நீட்டினார்.

"நில்லும். நீர் உள்ளுக்கை போகேலாது."

"ஏன்? கோயிலையும் வாங்கிப் போட்டீரோ?"

"பகிடியை விடும். உம்மடை தமையன் கனடாவிலை மோசம் போட்டார். உமக்குத் துடக்கு."

சாவு விழுந்தால் கூடப்பிறந்தவனுக்கும் துடக்கு, அதாவது தீட்டு. முப்பத்தொரு நாள் கழியும் வரை கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. கடல் தாண்டிச் செத்தாலும் அதுதான் முறை. எனக்குத் துடக்கு மறந்து போனது. கதைக்காவிட்டாலும் அண்ணர் அண்ணர்தானே. முதலாளி போனை நீட்டினார். அண்ணருடைய படம். வாசித்துக்கொண்டு போனேன். 'பாசமிகு சகலனும்' என்ற இடத்துக்கு வந்தபோது விளங்கிவிட்டது. அண்ணருக்குச் சகலன் கிடையாது. அண்ணியார் ஒரே பிள்ளை.

"இது என்ரை பிள்ளையின்ரை பள்ளிக்கூட வேலை. கதையிலை வாற ஒருத்தனுக்கு எழுதினது."

"படம் ஆற்றை?"

"படம் அண்ணையின்ரை."

"அப்ப செத்தது அண்ணை."

"பேரைப் பாருமன் ஐசே! அது அண்ணையின்ரை பேரோ?"

"உம்மடை தமையன்ரை பதிஞ்ச பேர் இந்த ஊரிலை ஆருக்குத் தெரியும்? எல்லாரும் வீட்டுப் பேரைச் சொல்லித்தானே கூப்பிடுறனாங்கள்."

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். "வெளிநாட்டுச் சாவைத் திருவிழா முடியுமட்டும் பொத்தி வைக்கிறது ஊரிலை புதுசே?" என்று ஒருவர் சொன்னார். "பாவம் பிள்ளை, உண்மையை வெளியிலை விட்டிட்டுது" என்றார் இன்னொருவர். எனக்குக் கொதித்தது. அம்மனுக்கு முன்னால் துடக்கை மறைக்கிறவன் என்று என்னைச் சொல்வதா? என் பரம்பரையில் அந்தச் சொல் விழுந்ததில்லை.

கோயில் தர்மகர்த்தா வயதான மனிதர், சத்தம் போடாதவர். என்னை மடத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, எனக்கு உன்னிலை சந்தேகம் இல்லை. ஆனால் துடக்குக்காரன் தர்ப்பை போட்டு உபயம் செய்தவன் எண்டு நாளைக்கு ஊர் கதைச்சால் நான் அம்மனுக்கு என்ன சொல்லுறது? தமையனைப் போனிலை எடு. எல்லாருக்கும் முன்னாலை முகத்தைக் காட்டட்டும். அலுவல் முடிஞ்சுது. கொடியேற முதல் செய். இல்லாட்டி இந்த முறை முதலாளி செய்யட்டும்."

'இந்த முறை' என்று அவர் சொன்னது எனக்கு 'இனிமேல்' என்று கேட்டது.

வீட்டுக்கு வந்து, சுவாமி அறையில் நின்று ஒரு தேவாரம் சொன்னேன். மனம் அதில் நிற்கவில்லை. மனிசியின் போனில் அண்ணரை எடுத்தேன். அங்கே காலை நேரம்.

"ஆர்?"

"அண்ணை, நான்தான்."

"நான் செத்துப் போனன். செத்தவனோடை உனக்கு என்ன கதை?"

"அண்ணை, அது பிள்ளை தெரியாமல்..."

"விடியக்காத்தாலை தொடக்கம் லண்டனிலை இருந்து, பிரான்சிலை இருந்து, என்ரை வீட்டுக்கே போன் எடுத்து என்னட்டையே என்ரை செத்தவீடு எப்ப எண்டு கேக்கிறாங்கள். வேலியிலை ஒரு முழத்துக்காக என்னை எரிச்சுப் போட்டாய் என்ன?"

"அம்மனாணை நான் செய்யேல்லை. பள்ளிக்கூடத்திலை ரீச்சர் குடுத்த வேலை. ஒருக்கால் வீடியோவிலை வந்து தர்மகர்த்தாவுக்கு முகத்தைக் காட்டுங்கோ. இல்லாட்டி ஆறாந் திருவிழா போகுது. அது உங்களுக்கும் அப்பாவின்ரை திருவிழாதானே."

"செத்தவனுக்கு என்ன திருவிழா? பிள்ளைக்கு உன்ரை படம் கிடைக்கேல்லையோ?"

வைத்துவிட்டார். மனிசி எடுத்தாள், வைத்துவிட்டார். மகள் அழுதுகொண்டு எடுத்தாள். அதற்கும் வைத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை தோட்டத்துக்கு இறைக்கப் போகவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வகுப்பறைச் சுவர் முழுக்கச் சாவு. பிள்ளைகள் எழுதிய அறிவித்தல்களை வரிசையாக ஒட்டி வைத்திருந்தார். பச்சைப் பிள்ளைகள் இருந்து படிக்கிற அறையா இது? நின்று ஒன்றையும் வாசிக்கவில்லை. ரீச்சரைப் பார்த்துக் கேட்டேன்.

"உயிரோடை இருக்கிறவனுக்கு அறிவித்தல் அடிக்கிறதோ ரீச்சர் படிப்பு?"

"ஐயா, நடந்தது எனக்கும் கவலைதான். நான் படத்தைக் கீறச் சொன்னனான். போனிலை இருந்து எடுக்கச் சொல்லேல்லை."

"உங்கடை சமயத்திலை துடக்கு இல்லை. உங்களுக்கு இது விளையாட்டு."

அவருடைய முகம் மாறியது. "எங்கடை ஆக்களும் செத்தால் அழுறவைதான் ஐயா. எங்கடை வீட்டிலையும் விளையாடுறேல்லை."

அவர் விடவில்லை. "உங்கடை மகள் போன வருசம் எத்தினை கதைப் புத்தகம் வாசிச்சவள் தெரியுமோ? ஒண்டும் இல்லை. குறிப்பைப் பாடமாக்கிச் சோதினையிலை கக்கினவள். இப்ப என்னோடை நிண்டு சண்டை பிடிக்கிறாள், அந்தத் தோட்டக்காரனைச் சாகவிட்டது பிழை எண்டு."

"சண்டை பிடிக்கப் பழக்கவோ உங்களுக்குச் சம்பளம்?"

சத்தம் கேட்டுப் பள்ளிக்கூட அதிபர் வந்துவிட்டார். பெற்றோர் சண்டை மேலிடத்துக்குப் போய்விடும் என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு. நான் இரண்டே விசயம் கேட்டேன்: சுவரில் இருக்கிற அத்தனையையும் கழற்ற வேண்டும், இந்தச் செயற்பாடு என்ற கூத்தை நிறுத்த வேண்டும். அதிபர் அந்த இடத்திலேயே கழற்றுவித்தார். எல்லாவற்றையும் சுருட்டித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார். இனிமேல் குறிப்புக் கொடுத்தால் போதும் என்று ரீச்சரிடம் பிள்ளைகளுக்கு முன்னாலேயே சொன்னார். என் மகள் மேசையில் முகத்தைக் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் நிமிர்ந்துதான் வெளியே வந்தேன்.

பின்னேரம் மகள் வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்தாள்.

"எல்லாரும் ஒரே ஆளுக்குத்தானே அப்பா எழுதினனாங்கள்! ஒரே பேர், வேறை வேறை படம். அதைக் கொண்டுபோய்க் கோயிலிலை காட்டியிருந்தால் நம்பியிருப்பினம். நீங்கள் அதைக் கழட்ட வைச்சுப் பூட்டிப் போட்டியள்."

தாய் என்னைப் பார்த்தாள். "நாளைக்கு விடியப் போய்க் கேளுங்கோவன்" என்றாள்.

போனேன். அம்மனுக்காகத்தான் போனேன் என்று இன்றைக்கும் சொல்வேன். அதிபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நேற்றுக் கழட்டச் சொன்னனீங்கள், இண்டைக்குத் தரச் சொல்லுறியள். நாளைக்கு என்ன ஐயா, திரும்ப ஒட்டுறதோ?" என்று கேட்டுவிட்டு அலுமாரியைத் திறந்தார். ஆனால் பிள்ளைகளின் வேலையை ரீச்சர் இல்லாமல் வெளியே விட மாட்டேன் என்றார். ரீச்சர் தாள்களைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாறன் ஐயா. உங்களுக்காக இல்லை. உங்கடை மகள் தன்னாலைதான் எல்லாம் எண்டு அழுதுகொண்டு திரியிறாள், அவளுக்காக."

எனக்கு அது போதும் என்றேன்.

மடத்தில் பாய் விரித்திருந்தது. தர்மகர்த்தா, குருக்கள், முதலாளி, வேறும் சில உபயகாரர். ரீச்சர் ஸ்கூட்டியை வெளியே விட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, பாயில் முழங்காலில் இருந்து ஒவ்வொன்றாக விரித்தார். தர்மகர்த்தா கண்ணாடியைப் போட்டார்.

"இது பண்டத்தரிப்பிலை பிறந்து அரியாலையிலை செத்திருக்கிறார். பேர் அதே பேர். இது லண்டனிலை செத்திருக்கிறார், அதே பேர். இது..." நிறுத்தினார். "இது என்ன பிள்ளை, மனிசர் மாதிரி இல்லை?"

"வெருளி ஐயா, குருவி கலைக்கிற பொம்மை. கத்தரித் தோட்டத்து வெருளியைப் படம் எடுத்திருக்கிறாள். அந்தத் தோட்டக்காரனும் கடைசியிலை அப்பிடித்தான், ஆரும் பக்கத்திலை வராமல் நிண்டவன் எண்டு காரணம் எழுதியிருக்கிறாள்."

குருக்கள் சிரித்துவிட்டார். "எல்லாத்திலையும் சகலன் இருக்கிறார் பாருங்கோ" என்றார். "எல்லாரும் அவனைப் பாசமிகு எண்டுதான் போட்டிருக்கினம்."

"அவன் துப்பினவன் ஐயா" என்றார் ரீச்சர். யார், ஏன் துப்பினான் என்று குருக்கள் கேட்க, ரீச்சர் சொல்ல, தர்மகர்த்தாவும் காதைக் கொடுக்க, என் திருவிழா பாயில் கிடந்தது. நான் தொண்டையைச் செருமினேன்.

முதலாளி மட்டும் அசையவில்லை. "படம் எத்தினையும் இருக்கட்டும். பிள்ளையள் விளையாடினது உண்மையாகவும் இருக்கலாம், இவற்றை தமையன் செத்தது உண்மையாகவும் இருக்கலாம். உயிரோடை இருக்கிற மனிசன் ஏன் முகத்தைக் காட்டுறான் இல்லை?"

தர்மகர்த்தா தாடையைத் தடவத் தொடங்கினார். அவர் தடவினால் பக்கம் மாறுகிறார் என்று அர்த்தம்.

அப்போதுதான் பார்த்தேன். ரீச்சர் ஒரு தாளை மட்டும் விரிக்கவில்லை. கவிழ்த்துத் தன் முழங்காலுக்குக் கீழே வைத்திருந்தார். நான் எட்டி அதன் நுனியைப் பிடித்தேன்.

"அது வேண்டாம் ஐயா" என்று மெதுவாகச் சொன்னார். "விடுங்கோ."

இழுத்தேன். புரட்டி நடுப்பாயில் வைத்தேன். அதே பெயர். கொழும்பில் காலமானார். படத்தில் இரும்புக்கடை முதலாளி, பின்னால் கம்பிச் சுருளும் மண்வெட்டிகளும்.

"முதலாளியும் மோசம் போட்டார்" என்றேன். "வெள்ளிக்கிழமையும் கோயிலுக்குள்ளை வந்தவர். பரிகாரத்துக்கு ஆர் செலவழிக்கிறது?"

குருக்கள் சால்வையால் வாயைப் பொத்தினார். அதைப் பார்த்து மற்ற உபயகாரர் சிரித்தார்கள். தர்மகர்த்தா கண்ணாடியைக் கழற்றி, "ஒரு பிரேதம் இஞ்சை இருந்து சண்டை பிடிக்குது. அப்ப மற்றதும் உயிரோடைதான். காணும். தம்பி, ஆறாந் திருவிழா உன்ரை. போய் ஆயத்தத்தைப் பார்" என்றார்.

முதலாளி சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆர் செய்தது?" என்று கேட்டார். ரீச்சர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த வகுப்பில் முதலாளியின் பேத்தி ஒருத்தி இருக்கிறாள், கடையின் உள்பக்கம் நின்று அவரைப் படம் எடுக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போனார்.

ரீச்சர் மற்றத் தாள்களை ஒன்றுமேல் ஒன்றாக அடுக்கினார். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"இவ்வளவும் காட்டினது காணும் ஐயா. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் தர்மகர்த்தா ஐயா சொல்லியிருப்பார். அந்தப் பிள்ளை பயந்து பயந்துதான் அதை என்னட்டைத் தந்தவள். குறூப்பிலை போடாதையுங்கோ ரீச்சர் எண்டு கேட்டவள்."

"அவர் என்னை வாசலிலை மறிச்சவர்" என்றேன்.

"அவர் மறிச்சவர். அவள் மறிக்கேல்லை."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு சின்னப் பெட்டை எனக்குப் பாடம் சொல்லிவிட்டுப் போகிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. தர்மகர்த்தா தாடையைத் தடவியதை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் என் நாள் போயிருக்கும்.

அடுத்த கிழமையே முதலாளி பேத்தியை இலக்கியப் பாடத்திலிருந்து எடுத்து வர்த்தகத்தில் விட்டார். மகள்தான் வந்து சொன்னாள், என்னிடம் இல்லை, தாயிடம், எனக்குக் கேட்கும்படி. அந்த வகுப்பில் நாவலை முதலில் முடித்தவள் அந்தப் பேத்திதானாம். கதிரையில் இருந்தால் ஒருவராலும் எழுப்ப முடியாதாம். இப்போது இலக்கியப் பாடம் நடக்கிற நேரம் பக்கத்து வகுப்பில் இருந்து கணக்குப் பதிகிறாளாம். ரீச்சரும் குறிப்புத்தான் கொடுக்கிறாராம்.

ஆறாந் திருவிழா குறைவில்லாமல் நடந்தது. காலையில் அபிசேகம். சங்கற்பத்துக்குக் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது, முறைப்படி மூத்தவர் என்று அண்ணருடையதை முதலில் சொன்னேன். முறைக்காகச் சொன்னேன். மாலையில் அம்மன் வெள்ளைச் சாத்துப்படியில் எழுந்தருளினா. தவில் அடி நெஞ்சுக்குள் விழுந்தது. கோயில் பெடியள் வெளிநாட்டு ஆட்களுக்காகத் திருவிழாவைப் போனில் நேரடியாக விடுவார்கள். வீதி சுற்றுகிறபோது அவர்களில் ஒருவன் ஓடி வந்து, "அண்ணை, உங்கடை தமையன் கீழை எழுதியிருக்கிறார்" என்று காட்டினான். 'தம்பியின் சால்வை குறுக்காலை கிடக்குது. அப்பா இருந்தால் இப்படி விடமாட்டார். ஆராவது சொல்லுங்கோ.' உலகம் முழுக்கப் பார்க்கிற இடத்தில் எழுதியிருந்தார். இரண்டு கிழமைக்கு முன்னால் இந்த அக்கறையில் பாதியோடு முகத்தைக் காட்டியிருக்கலாம். நான் சால்வையைத் தொடவில்லை. பதிலும் போடவில்லை.

சுவாமி இருப்புக்கு வந்த பிறகு, உபயகாரன் என்ற முறையில் பஞ்சாமிர்தமும் சுண்டலும் நான்தான் கொடுத்தேன். பெண்கள் வரிசையில் என் மகள் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் முதலாளியின் பேத்தி. முதலாளி திருவிழாவுக்கு வரவில்லை, இவள் வந்திருந்தாள். இரண்டு பேரும் குனிந்து குசுகுசுவென்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தோட்டக்காரன் பெயர் என் காதில் விழுந்தது. அம்மனுக்கு முன்னால் தேவாரம் படிக்காமல் என்ன கதை என்று ஏசத்தான் வாயெடுத்தேன். ஏசவில்லை. வரிசை நகர்ந்தது.

அந்தப் பிள்ளைக்கு நேரே கோப்பையை நீட்டினேன். "இந்தா பிள்ளை" என்றேன். அவள் என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. கையை நீட்டவும் இல்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். என் மகள் குறுக்கே வந்து கோப்பையை என்னிடமிருந்து வாங்கி, அவளுடைய கையில் கொடுத்தாள். அம்மனுடைய பிரசாதம் என்பதால் அவள் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள்.

இரண்டு பேரும் போய்விட்டார்கள். நான் அடுத்த கோப்பையை எடுத்தேன்.